காஞ்சனபுரியின் சாத் திருநாளும் நமது மகாளய பட்சமும்

புரட்டாசியை ஒட்டி நம் இல்லங்களில் இரண்டு பேச்சுகள் எழுவது வழக்கம். ஒன்று, சனிக்கிழமை விரதம். மற்றொன்று, இவ்வாண்டு மகாளய அமாவாசை எந்நாளில் வருகிறது என்பது. முன்னதைப் பற்றி எழுதுவோர் பலர். பின்னதைப் பற்றி, அதுவும் நம் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு அது எவ்வளவு நெருக்கமான நாள் என்பதைப் பற்றி, எழுதுவோர் அரியர். கலும்பாங், கெர்லிங் தொடங்கிக் கோலசிலாங்கூர் வரை பரவிக் கிடந்த தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்கள் உண்டு. அவர்கள் இறந்த திதி யாருக்கும் தெரியாது. திதி தெரியாதோர்க்கு உரிய நாள் மகாளய அமாவாசை என்பது பெரியோர் வகுத்த முறை. அவர்கள் மண்ணான காஞ்சனபுரி மாநிலத்து உழவர்களும் அதே நாளில்தான் தம் இறந்தோரை நினைத்துப் படைக்கிறார்கள் என்பதை நம்மவர் பலர் அறியார். அதனைச் சற்று விரிவாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நாள்கணக்கு. சயாமியர் தம் பழைய மாதங்களை எண்ணால் குறிக்கின்றனர். அவர்களுடைய முதல் மாதம் நம் மார்கழியை ஒட்டி வருவது. அங்கிருந்து எண்ணினால் பத்தாம் மாதம் புரட்டாசிப் பக்கம் வந்து நிற்கும். அந்தப் பத்தாம் மாதத்துத் தேய்பிறைப் பதினைந்து நாளும் இறந்தோர்க்கு உரியவை. முடிவு நாளாகிய அமாவாசையே 'சாத்' என்னும் திருநாள். 2023ஆம் ஆண்டில் அது அக்டோபர் 14ஆம் நாளும், 2024ஆம் ஆண்டில் அக்டோபர் 2ஆம் நாளும் வந்தது. அவ்விரு நாள்களும் நமக்கும் மகாளய அமாவாசையே. திதியைக் கணிக்கும் முறை வேறாதலால் சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின்னாகும். மற்றபடி ஒரே தேய்பிறைதான். கம்போடியாவிலும் இதே பதினைந்து நாளை 'பச்சும் பென்' என்று கொண்டாடுகின்றனர். அதிலுள்ள 'பென்' நம்முடைய பிண்டமே. விகாரையில் சோற்று உருண்டைகளை வைத்துப் படைக்கின்றனர். 'சாத்' என்னும் சொல்லும் வடமொழியில் சரத் காலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. கார் முடிந்து வானம் தெளியும் பருவம் அது.

பருவத்தைச் சொன்னபின் நெல்லைச் சொல்லாமல் இருக்க முடியாது. சயாமில் மழையை நம்பி நடும் பெரும்போகம் ஆடி ஆவணியில் நடப்பட்டுக் கார்த்திகை மார்கழியில் அறுவடையாகும். ஆகவே பத்தாம் மாதத்தில் பயிர் சூல் கொண்டு நிற்கும். முந்திய கதிர்களில் பால் பிடித்திருக்கும். நெல்லுக்கு அவர்கள் 'மே போசோப்' என்று ஒரு தாயை வைத்திருக்கிறார்கள். பயிர் சூல் கொண்டதும் வயலுக்குப் போய் அவளுக்குப் படைப்பார்கள். படையலில் வாழைப்பழமும் கரும்பும் இருக்கும்; புளியும் புளிப்பான பழமும் தவறாமல் இருக்கும். கருவுற்ற பெண்ணுக்கு மசக்கையில் புளிப்பு கேட்கும் அல்லவா! அத்துடன் சீப்பு, கண்ணாடி, வாசனைப் பொடி ஆகியவற்றையும் வைப்பார்கள். மூங்கிலை நட்சத்திர வடிவில் பின்னி வயலோரம் நட்டு வைப்பதும் உண்டு. நம் வளைகாப்பை அப்படியே வயலுக்குக் கொண்டு சென்றது போன்ற காட்சி இது. புத்தர் இதில் எங்கே வருகிறார் என்று கேட்டால், வரவில்லை என்பதே விடை. விகாரை ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம் என்று இரண்டையும் வைத்துக்கொண்டு அவர்கள் வாழ்கிறார்கள். நாமும் ஆகமக் கோயிலையும் தோட்டத்து முனீஸ்வரரையும் ஒருசேர வணங்குகிறவர்கள்தாமே.

சாத் திருநாளுக்கு என்றே ஒரு பலகாரம் உண்டு. 'கிரயாசாத்' என்பார்கள். முற்றாத நெல்லை வறுத்து இடித்த அவல், நெற்பொரி, வேர்க்கடலை, எள் இவற்றை வெல்லப்பாகிலும் தேங்காய்ப்பாலிலும் போட்டுப் பெரிய இருப்புச் சட்டியில் கிளறுவார்கள். ஒருவரால் கிளற முடியாது. தெருவே கூடித்தான் கிளற வேண்டும். இறுகியதும் தட்டில் கொட்டித் துண்டு போடுவார்கள். பார்வைக்கு நம் பொரிவிளங்காயும் கடலைமிட்டாயும் கலந்தது போல இருக்கும். வாழைப்பழத்தோடு சேர்த்து உண்பது வழக்கம். நாக்குக்குச் சற்று அதிகமான இனிப்புதான்; இருந்தாலும் சாத் அன்று அதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. புதுநெல்லின் முதற்பகுதி பிக்குகளுக்கும் இறந்தோர்க்கும் போன பின்னரே வீட்டாருக்கு. அதில் எள் சேர்வதைக் கண்டபோது எனக்குத் தர்ப்பணத் தட்டு நினைவுக்கு வந்தது. ஆனால் அவர்கள் எள்ளைச் சுவைக்காகச் சேர்க்கிறார்களே அன்றி, பிதிர்களுக்கு உரியது என்று கருதிச் சேர்ப்பதாக எவரும் என்னிடம் சொல்லவில்லை.

நீர் விடும் சடங்கு அப்படியன்று. அதற்குத் தெளிவான கதை உண்டு. மகத நாட்டு மன்னன் பிம்பிசாரன் புத்தருக்கும் சங்கத்தாருக்கும் பெரிய தானம் செய்தான். அன்றிரவு அரண்மனையில் ஓலக்குரல் கேட்டது. மறுநாள் புத்தரிடம் கேட்க, 'முற்பிறவிகளில் உனக்கு உறவினராய் இருந்தோர் பிரேதங்களாகத் திரிகின்றனர். நீ செய்த தானத்தின் பயன் தமக்கு வரும் என்று காத்திருந்தனர். நீயோ அவர்களை நினைக்கவில்லை' என்று அவர் விளக்கினார். மன்னன் மீண்டும் தானம் செய்து, அதன் பயனை அவர்களுக்கென்று சொல்லி நீர் வார்த்தான். பிரேதங்கள் பசியும் தாகமும் தீர்ந்தன. இதனால்தான் இன்றும் சயாமிய விகாரைகளில் தானம் முடிந்ததும் சிறு பித்தளைச் செம்பிலிருந்து கிண்ணத்தில் நீரை மெல்ல வார்க்கிறார்கள். பிக்குகள் ஓதி முடிக்கும்வரை தாரை அறுபடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு அந்நீரை எடுத்துச் சென்று மரத்தடியில் ஊற்றுகிறார்கள்.

இதனைக் கண்ட உடனே 'எல்லாம் ஒன்றே' என்று முடித்துவிடுவது எளிது. மேடைப் பேச்சுகளில் அப்படித்தான் முடிக்கிறார்கள். நான் அதற்கு உடன்படேன். நம் நெறியில் தென்புலத்தார் தேவர்களோடு வைத்து எண்ணப்படுகிறவர்கள். வள்ளுவப் பெருந்தகையும் இல்லறத்தான் ஓம்ப வேண்டிய ஐவரில் அவர்களையே முதலில் நிறுத்தினார். தந்தை வசுவாகவும், பாட்டன் உருத்திரனாகவும், முப்பாட்டன் ஆதித்தனாகவும் நின்று நம் படையலை ஏற்று, நமக்கு அருள்கிறார்கள். பௌத்தத்தில் பிரேதம் அருள்வதில்லை. அது அல்லற்படும் உயிர். சுவருக்கு வெளியிலும் நாற்சந்தியிலும் நின்று உறவினரின் கைம்மாற்றை எதிர்பார்ப்பது. அதற்குச் சோறு நேரே போய்ச் சேர்வதுமில்லை. பிக்குவுக்கு இட்ட தானத்தின் புண்ணியமே போய்ச் சேரும். இந்த வேறுபாடு சிறியதன்று. இருந்தும், இரண்டு கூட்டத்தாரும் ஒரே தேய்பிறையைத் தேர்ந்து, ஒரே செயலைச் செய்து, நீரை ஊற்றி நிற்கின்றனர். வேறுபாட்டை அறிந்த பின் பார்த்தால்தான் அந்த ஒற்றுமை வியப்பைத் தருகிறது.

தென்சயாமில் இவ்விழா இன்னும் பெரிது. நக்கோன் சி தம்மராட் நகரில் பத்தாம் மாதத் திருவிழா என்றால் ஊரே திரளும். இராஜேந்திர சோழரின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பில் வரும் மாதமாலிங்கம் இந்நகரை ஒட்டிய பகுதியே என்று வரலாற்றறிஞர் கருதுவர். அங்கே தேய்பிறையின் முதல் நாள் முன்னோர் வருகிறார்கள், பதினைந்தாம் நாள் திரும்புகிறார்கள் என்பது நம்பிக்கை. திரும்பும்போது கொண்டு போக ஐந்து பலகாரம் கட்டிக்கொடுப்பார்கள். நூல் நூலாகப் பிழிந்த ஒன்று ஆடைக்கு. பொரித்து உப்பிய ஒன்று ஆற்றைக் கடக்கத் தெப்பத்துக்கு. மற்றவை அணிகலனுக்கும், விளையாட்டுக் காய்க்கும், செலவுக்குக் காசுக்கும். வழிப்பயணத்துக்கு இவ்வளவையும் நினைத்துச் செய்த அந்தப் பெண்களின் மனத்தை என்னென்பது! படையல் மேடையில் ஓதி முடிந்ததும் சிறுவர்கள் பாய்ந்து பலகாரத்தை அள்ளுவார்கள். அதைக் குற்றமாகக் கருதுவதில்லை. அள்ளித் தின்பதும் புண்ணியம் என்கிறார்கள்.

இனிக் காஞ்சனபுரிக்கு வருவோம். பெயரே நமக்குப் பொருள் சொல்லும்: காஞ்சனம் பொன், புரி நகர். குவே யாய், குவே நோய் என்னும் இரண்டு ஆறுகள் அந்நகரில் கூடி மே குலோங் ஆறாகிக் கடலுக்குப் போகின்றன. நம் முறைப்படி சொன்னால் அது ஒரு கூடுதுறை. கரும்பும் மரவள்ளியும் நெல்லும் விளையும் உழவர் நாடு. மேற்கே மலையும் பர்மா எல்லையும்.

இந்நாட்டுக்குத்தான் நம்மவரைக் கொண்டு போனார்கள். பான் போங் அருகே நோங் பிளாடுக்கில் தொடங்கிப் பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இரயில் பாதை போட ஜப்பானியப் படை 1942இல் வேலையைத் தொடங்கியது. 1943 அக்டோபர் 17ஆம் நாள் இரு முனைகளும் இணைந்தன. போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல்; அவர்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் இரண்டு இலட்சத்தை ஒட்டியவர்கள் என்றும், மாண்டவர் 90,000 அளவினர் என்றும் மதிப்பிடுகின்றனர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேற்பட்டோர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். நாளொன்றுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாதம் வேலை என்று சொல்லித்தான் அழைத்தார்கள். பிறகு சொல்லாமலும் அழைத்தார்கள். இன்று கலும்பாங் வழியே வடக்கே ஓடும் இருப்புப்பாதை இருக்கிறதே, அந்தப் பாதையில்தான் சரக்கு வண்டிகளில் ஏற்றிப் போனார்கள். 1943இல் மழையோடு வாந்திபேதி வந்தது. ஒரே குழியில் பலரையும் இட்டு மூடினர். எரித்த இடமும் உண்டு. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களைப் படித்தவர்க்கு நான் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

என் தாத்தாவும் போனவர். லயத்து வாசலில் நின்று, மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொன்னாராம். பாட்டி பதினெட்டு ஆண்டுகள் பொட்டை அழிக்கவில்லை. செய்தி வராதவர்க்குப் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து, தருப்பையால் உருச் செய்து தகனம் பண்ணி, அதன் பின் கருமாதி செய்யலாம் என்று நூல்கள் கூறுவதைத் தோட்டத்தில் யார் அறிவார்? அறிந்திருந்தாலும் பாட்டி ஒப்பியிருக்க மாட்டார். தீபாவளிக்கு முதல் நாள் முன்னோர் படையலில் எல்லார் பெயரையும் சொல்வார்; தாத்தாவின் பெயரை மட்டும் சொல்ல மாட்டார். அவர் உயிரோடிருந்தால் என்ன செய்வது என்பது அவருடைய கவலை. இப்படி எத்தனை வீடுகள்! இறந்தவராகவும் இல்லை, இருப்பவராகவும் இல்லை என்னும் நிலையில் ஒரு தலைமுறையே விடப்பட்டுவிட்டது.

2023ஆம் ஆண்டு மகாளய அமாவாசைக்கு நாங்கள் சிலர் காஞ்சனபுரி சென்றிருந்தோம். போர்க்கைதிகளின் இடுகாடு நகரின் நடுவே இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள். புல் வெட்டிப் பூச்செடி வைத்துக் காக்கிறார்கள். கல்லில் பெயர், படைப்பிரிவு, வயது. அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளும் இருபது இருபத்திரண்டு வயதுக்காரர்கள். அவர்களுக்கு அது கிடைத்தது நியாயமே. நம்மவர்க்கு அப்படி ஒரு கல்கூட இல்லை. ஜப்பானியப் படை 1944இல் எழுப்பிய நினைவுத் தூணைச் சுற்றியுள்ள பலகைகளில் தமிழும் ஒன்று. கொன்றவர்களே எழுதிவைத்த தமிழ் அது. 1990இல் நகரை அடுத்த வயற்புறத்தில் ஒரு பெருங்குழியிலிருந்து நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் கிடைத்தன. ஆசியத் தொழிலாளர் என்றுதான் கொள்ள முடிந்தது. யார் எவர் என்று பிரிக்க முடியவில்லை. 2020களில் தமிழ் அமைப்புகளின் முயற்சியால் காஞ்சனபுரியில் நடுகல் ஒன்று எழுந்திருப்பது ஆறுதல்.

அன்று காலை ஆற்றோரக் கிராமம் ஒன்றின் விகாரைக்குச் சென்றோம். கிராமத்தார் அடுக்குப் பாத்திரங்களோடு வந்து அமர்ந்திருந்தனர். எங்களுக்கும் பாய் விரித்தார்கள். ஓதல் தொடங்கியதும் என் பக்கத்திலிருந்த மூதாட்டி செம்பை எடுத்து நீர் வார்த்தார். முடிந்ததும் எழுந்து போய் அரசமரத்தடியில் ஊற்றினார். பிறகு திரும்பி வந்து மீண்டும் ஒரு செம்பு எடுத்துக்கொண்டு போனார். மொழிபெயர்ப்பாளரை விட்டு, இரண்டாம் முறை யாருக்கு என்று கேட்டேன். முதல் நீர் தம் தாய் தந்தையர்க்கு. இரண்டாவது, உற்றார் இல்லாதவர்களுக்கு என்றார். இந்த ஆற்றோரத்தில் அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தம் தாயார் சொல்லியிருந்தாராம்; தாயார் ஊற்றினார், அதனால் தாமும் ஊற்றுகிறார். உங்கள் ஊர்க்காரர்களா என்று எங்களைக் கேட்டார். ஆமாம் என்றோம். கிரயாசாத் ஒரு பொட்டலம் கட்டி என் கையில் வைத்தார். எங்களில் இருந்த அம்மாள் ஒருவர் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

நமக்கும் இந்த வழக்கம் இல்லாமல் இல்லை. மகாளய தர்ப்பணத்தில் தந்தைவழி, தாய்வழி முன்னோருக்குப் பின், காருணிகர் என்று ஒரு பிரிவு வருகிறது. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமன், மாமனார், ஆசிரியர், நண்பர் எனப் பலரும் அதில் அடங்குவர். அனைத்தும் முடிந்தபின், தமக்கென்று யாருமே இல்லாதவர்களுக்காகத் தருப்பை நுனி வழியே கடைசி நீர் வார்க்கப்படும். அந்த மூதாட்டியின் இரண்டாம் செம்பு அதுதான். நம்மில் பலர் அந்தக் கடைசி நீரின் பொருளை அறியாமலே வார்த்துவிட்டு எழுந்துவிடுகிறோம்.

எல்லையோரம் சங்கலாபுரியில் மோன் இனத்தார் பத்தாம் மாதப் பௌர்ணமியில் மூங்கிலால் பெரிய ஓடம் கட்டி, சோறு, பழம், பலகாரம், கொடி, விளக்கு எல்லாம் நிரப்பி நீரில் விடுவதும் காணத்தக்கது. 1984இல் கட்டி முடித்த அணையால் அங்குப் பழைய ஊரும் பழைய விகாரையும் மரண ரயில் பாதையின் ஒரு பகுதியும் நீருக்குள் போய்விட்டன. ஓடம் மிதப்பது அந்த நீரின் மேல்தான்.

இனி, செய்யும் முறை. சயாமுக்குச் செல்ல எல்லார்க்கும் இயலாது, தேவையுமில்லை. கோலசிலாங்கூர்க் கழிமுகத்திலோ, அருகிலுள்ள ஆற்றங்கரையிலோ, வீட்டிலோ செய்யலாம். தந்தை உயிரோடிருப்பவர் தர்ப்பணம் செய்வதில்லை. தந்தையே செய்ய வேண்டும். போனவர் தாய்வழிப் பாட்டனார் என்றாலும் மகாளயத்தில் அவருக்கு இடமுண்டு. வாரிசு இல்லாமல் போன சித்தப்பா, பெரியப்பா காருணிகரில் சேர்வர். கோத்திரம் தெரியாதவர் சிவகோத்திரம் என்று சொல்லலாம். பெயர் தெரியாவிட்டால் உறவைச் சொன்னால் போதும். ஓதுவிக்க ஆளில்லாத வீட்டில் பெண்கள் இலை போட்டுப் படைத்து, ஒருவர்க்கேனும் அன்னம் இடலாம், அதுவும் முறையே. செக்கிஞ்சான், தஞ்சோங் காராங் பக்கத்துப் புதுநெல் அரிசி கிடைத்தால் அதையே பொங்கிப் படைப்பது இன்னும் சிறப்பு.

எல்லாவற்றுக்கும் முன்னால் பெயர்களைச் சேர்க்க வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் இடிபட்டு, பிள்ளைகள் ரவாங்கிலும் கிள்ளானிலும் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். எண்பது வயது கடந்த பெரியவர்களிடம் மட்டுமே அப்பெயர்கள் இருக்கின்றன. வரும் அமாவாசைக்குள் ஒரு தாள் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். போனவர் பெயர், தகப்பனார் பெயர், எந்தத் தோட்டம், யாரோடு போனார். நான்கு வரி போதும். தாளைப் பூசையறையில் வையுங்கள்.

படையலில் அவருக்குப் பிடித்ததை வைப்பது மரபு. பிடித்தது எதுவென்று சொல்ல ஆளில்லாவிட்டால், இலைக்குப் பக்கத்தில் காய்ச்சி ஆறவைத்த நல்ல தண்ணீர் ஒரு செம்பு தனியே வையுங்கள். வாந்திபேதிக் கொட்டகையில் கிடந்தவர்கள் கடைசியாகக் கேட்டது அதைத்தான் என்று, சயாமிலிருந்து திரும்பி வந்த பெரியவர் ஒருவர் என் சிறுவயதில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.